ட்ரோன் படம் கையில் இருக்கும்போது ஊரை எதற்குக் கூப்பிட வேண்டும்?

கோட்டுப்புள்ளி (இழையைத் தொடங்கியவர்)

குதர்க்கமான கேள்வியாகச் சிலருக்குப் படலாம், ஆனாலும் கேட்டுவிடுகிறேன். கிராமத் திட்டங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். ட்ரோனைப் பறக்கவிட்டால் கூரை, வேலி, கிணறு, தடம் எல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் வந்து விழுகின்றன. ட்ரோன் இல்லாவிட்டாலும் 2015இலிருந்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் பத்து மீட்டர் அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டடங்களுக்குக் கணினியே கோடு போட்டுவிடுகிறது. 2021இல் கூகுள் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு அப்படி ஒரு கட்டடத் தொகுப்பை வெளியிட்டதே, நினைவிருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு வழிகாட்டியில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பத்தி வரும். கூட்டம் போடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கு, போட்டோ எடு. உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான் கூட்டமே. திரையில் காட்டுவோம். ஆளாளுக்கு அவரவர் வீட்டைத் தேடிப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். கலைந்துவிடுவோம்.

இப்போது வழிகாட்டியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: பண்பாட்டுக் கூறுகளையும் கணக்கில் எடுக்க வேண்டுமாம். என்ன செய்ய வேண்டும் என்று குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வழிபாட்டு இடத்துக்கும் இடுகாட்டுக்கும் நல்ல சின்னமாகப் போட்டால் போதுமா? படத்தில் இல்லாத எதை ஊர் தரப்போகிறது? கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

ஒற்றையடி

கூரை தெரியும், யார் கூரை என்று தெரியாது. தடம் தெரியும், அதில் யார் போகலாம், எந்த மாதத்தில் போகலாம் என்பது தெரியாது. மேய்ச்சலுக்கு விட்ட நிலமும் சும்மா கிடக்கிற தரிசும் மேலேயிருந்து பார்த்தால் ஒரே நிறம். 'பயன்பாட்டில் இல்லை' என்று நீங்கள் வகை பிரித்து எழுதிவிட்டால், பிறகு ஏதாவது திட்டத்துக்கு இடம் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். வருஷத்தில் சில மாதம் மட்டும் மந்தையோடு வந்து தங்குகிறவர்கள், நீங்கள் படம் எடுத்த அன்று ஊரில் இல்லை. அதனால் வரைபடத்திலும் இல்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எடுத்துக்காட்டுவது கனடாவின் வடகோடியை. நில உரிமைக் கோரிக்கைக்காக 1970களில் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களோடு ஒரு பெரிய வரைபட ஆய்வு நடந்தது. 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. முறை ரொம்ப எளிமை. ஒவ்வொரு வேட்டைக்காரர் முன்னாலும் நிலப்படத்தை விரித்து, வாழ்நாளில் எங்கெல்லாம் கரிபு மானைத் தேடிப் போனீர்கள், எங்கே சீல் பிடித்தீர்கள், எங்கே பொறி வைத்தீர்கள், எங்கே முகாம் போட்டீர்கள் என்று கேட்டு, அவர்களையே வரைய வைத்தார்கள். ஒரு மனிதருக்கு ஒரு வரைபட வாழ்க்கை வரலாறு. அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வெற்றுப் பனி என்று வெளியாட்கள் நினைத்திருந்த பரப்பு கால்தடங்களால் நிறைந்து கிடந்தது. நிலம் மட்டுமில்லை, உறைந்த கடலும் அவர்கள் புழங்கிய இடம். 1993இல் அவர்களுடைய நில உரிமைக்கான நூனவுட் உடன்படிக்கை வந்தபோது அதன் அடித்தளங்களில் ஒன்றாக இந்த வரைபடங்கள் இருந்தன. 1999இல் நூனவுட் தனி ஆட்சிப்பகுதி ஆனது.

செயற்கைக்கோளிடம் கேட்டிருந்தால் 'பனி' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கும்.

---

வானவன்

நல்ல உதாரணம்தான், ஒற்றையடி. ஆனால் நீங்கள் சொன்னது நேர்காணல். தேர்ந்த களப்பணியாளர், ஒரு கேள்வித்தாள், ஒரு ஜிபிஎஸ் கருவி இருந்தால் அதே தகவலை எடுத்துவிடலாமே. 2000 மே மாதத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியதிலிருந்து, கையில் இருக்கும் போனே திறந்த வெளியில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடுகிறது.

ஊருக்குத் தகவல் தெரியும், அதைக் கேட்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பண்பாடு எங்கிருந்து வந்தது? தகவல் சேகரிப்பதற்கு மாலை மரியாதை செய்கிற மாதிரி இருக்கிறது.

---

நூல்கண்டு

வானவன் சார், முப்பரிமாண மாதிரி செய்கிற இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள், பதில் கிடைக்கும். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதில் ஈடுபட்டவர்கள் குறைவு, கேள்விப்பட்டவர்கள் அதிகம்.

அளவு 1:10,000 என்று வைத்துக்கொள்வோம். இருபது மீட்டர் இடைவெளியுள்ள சம உயரக் கோடுகளை எடுத்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டை வேண்டும். கோட்டை அட்டையில் படி எடுத்து, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான் செய்வார்கள். ஒட்டி முடித்தால் மேசைமேல் ஒரு மலையும் பள்ளத்தாக்கும் நிற்கும், பெயர் இல்லாமல், ஆறு இல்லாமல், நிறம் இல்லாமல்.

அதில் எதைக் காட்டப்போகிறோம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்திருப்பார்கள். அதாவது குறிவிளக்கம் முதலில், வரைபடம் அப்புறம். நம் அலுவலகத்தில் தலைகீழ். சின்னங்களின் பட்டியல் மேலேயிருந்து வரும், ஊர் அதற்குள் அடங்க வேண்டும். இங்கே, 'காடு' என்று ஒரே நிறம் போதுமா, தேன் எடுக்கிற காடு வேறு, யாரும் வெட்டக் கூடாத காடு வேறு என்று பிரிக்க வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள். புள்ளிக்குக் குண்டூசி, கோட்டுக்கு நூல், பரப்புக்கு வண்ணம். நூலுக்கு ஒரு வசதி உண்டு. எல்லை அங்கே இல்லை, இங்கே என்று ஒருவர் சொன்னால் ஊசியைப் பிடுங்கி நூலை நகர்த்திவிடலாம். சண்டை ஓய்ந்த பிறகுதான் வண்ணம்.

காகிதத்தில் சம உயரக் கோட்டைப் படிக்கத் தெரியாத பாட்டி, அட்டை மலையைக் கையால் தடவிப் பார்த்து 'இந்த முதுகுக்குப் பின்னாலதான் ஊத்து' என்று ஊசி குத்துவார். சரி, இதுவரைக்கும் தகவல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு ஓடையின் பெயரைக் கேட்டதும் மேசையைச் சுற்றி அமைதியாகிவிடும். தெரியாமல் இல்லை. அந்த ஓடையின் பெயரும் கதையும் ஒரு குடும்பத்துக்கு உரியவை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் வந்துதான் சொல்ல வேண்டும். மற்றவர் சொன்னால் அத்துமீறல். உங்கள் கேள்வித்தாளில் அந்த இடத்தில் 'தெரியாது' என்று பதிவாகியிருக்கும். பத்துப் பேரைக் கேட்டிருந்தால் பத்துப் பேரும் 'தெரியாது' என்றிருப்பார்கள். 'பெயரற்ற ஓடை' என்று அச்சடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

நான் பண்பாடு என்று சொல்வது இதைத்தான். யார் பேசலாம், எந்த வரிசையில் பேசலாம், எதை யார் முன்னால் பேசலாம் என்பதற்கு ஊர் ஏற்கெனவே வைத்திருக்கிற ஒழுங்கு. சின்னமும் அலங்காரமும் அதில் கடைசி.

ஃபிஜியின் ஓவலாவ் தீவில் 2005இலும், கென்யாவின் மாவ் காட்டுப் பகுதியில் ஓகியெக் மக்களோடு 2006இலும் இப்படிப்பட்ட மாதிரிகள் செய்யப்பட்டன. காட்டிலிருந்து தங்களை வெளியேற்றியதை எதிர்த்த வழக்கில் 2017இல் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தில் ஓகியெக் மக்கள் வென்றார்கள். அட்டை மலைதான் வழக்கை ஜெயித்துக் கொடுத்தது என்று சொல்ல வரவில்லை. தங்கள் காட்டைப் பற்றி வெளியாரிடம் ஒரே குரலில் பேச அது உதவியது என்பேன்.

---

மலைச்சாரல்

பின்தொடர்கிறேன். நூல்கண்டு, அந்த மாதிரியை முடித்தபின் எங்கே வைப்பார்கள்? மழை, எலி எல்லாம் இருக்குமே.

---

நூல்கண்டு

நல்ல கேள்வி. பள்ளிக்கூடத்திலோ ஊர்க் கூடத்திலோ, ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். போட்டோ எடுத்து, கணினியில் ஏற்றி, டிஜிட்டல் அடுக்காக மாற்றிக்கொள்ளலாம். மூலம் ஊரை விட்டுப் போகக் கூடாது. எலிக்கு என்னிடம் பதில் இல்லை.

---

சட்டப்புள்ளி

வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். வானவன் கேட்டதற்கு நீதிமன்றத்திலிருந்தே பதில் இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காகத் தொடுத்த வழக்கு, டெல்கமூக் வழக்கு என்று அறியப்படுவது. அந்த மக்களின் நில ஆவணம் என்பது குடும்பங்கள் காத்துவரும் வாய்மொழி வரலாறும் அதோடு சேர்ந்த பாட்டும். விசாரணையில் ஒரு மூதாட்டி அந்தப் பாட்டைப் பாட முனைந்தபோது, தனக்குப் பாட்டு ஏறாத காது, பாடி என்ன ஆகப்போகிறது என்கிற தோரணையில் நீதிபதி தடுக்கப் பார்த்தார். 1991இல் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே வந்தது. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

அதே 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. கிரேட் சாண்டி பாலைவனத்துப் பழங்குடியினர் தங்கள் நிலத்தை எட்டுக்குப் பத்து மீட்டர் அளவுள்ள துணியில் ஓவியமாகத் தீட்டினார்கள். ஙுர்ரரா ஓவியம் என்று பெயர். தீர்ப்பாயம் கேட்க வந்தபோது அதைத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொருவரும் தங்களுக்கு உரிய நீர்நிலை வரையப்பட்ட இடத்தில் ஏறி நின்று, தங்கள் மொழியில், தங்கள் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். அடுத்தவர் பகுதியில் நின்று அடுத்தவர் பேசவில்லை. நூல்கண்டு சொன்ன ஒழுங்கு அப்படியே அங்கே சாட்சியமாகிவிட்டது. 2007இல் அவர்களுடைய நில உரிமை ஏற்கப்பட்டது. ஓவியத்தில் அளவுகோலும் கிடையாது, வடக்குக் குறியும் கிடையாது.

இந்தியாவில் வன உரிமைச் சட்டம் 2006, அதன் விதிகளில் 13ஆவது விதியைப் படியுங்கள். புனித மரங்கள், தோப்புகள், குளங்கள், இடுகாடுகள், முதியவர்களின் எழுத்தில் பதிந்த வாக்குமூலம் இவையெல்லாம் உரிமைக்கான சான்றுகள் என்று எழுதியே இருக்கிறது. ஆகவே கோட்டுப்புள்ளி, அந்த மரத்துக்கு 'நல்ல சின்னம்' போடுவது உங்களுக்கு அழகுபடுத்தல், அவர்களுக்கு ஆவணம்.

---

குறுக்குக்கேள்வி

எல்லாரும் ரொம்ப உருகுகிறீர்கள், கொஞ்சம் கல்லெறிகிறேன்.

'யார் பேசலாம் என்பதற்கு ஊர் வைத்திருக்கிற ஒழுங்கு.' சரி. அந்த ஒழுங்கில் பெண்கள் எத்தனையாவது இடத்தில்? நிலமில்லாதவர்கள்? கல்யாணமாகி வந்தவர்கள்? ஊர்க் கோடியில் குடியிருக்க விடப்பட்டவர்கள்? பெரியவர்கள் உட்கார்ந்து குறிவிளக்கத்தை முடிவு செய்வார்கள் என்கிறீர்கள். நடைமுறையில் அந்தப் பெரியவர்கள் யார் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ட்ரோனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெரிய வீட்டுக்கூரையையும் குடிசையையும் ஒரே மாதிரி படம் பிடிக்கும். ஊர்ப் பெரியவர் கையில் பென்சில் போனால் குடிசை விடுபட வாய்ப்பு இருக்கிறது.

இது என் கற்பனைப் பயம் இல்லை. டயேன் ரோஷலோ என்கிற புவியியலாளர் 1990களில் டொமினிகன் குடியரசின் சாம்பிரானா-சாக்குவே பகுதியில் பெண்களையும் ஆண்களையும் வைத்து வரைபட வேலை செய்தார். வழக்கமான நிலப்படம் யாருடைய வயல், என்ன பயிர் என்று காட்டும். பெண்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் இடைவெளிகளை: வீட்டு முற்றம், வயல் வரப்பு, ஓடைக்கரை, யாருடைய நிலத்திலோ நிற்கிற மரத்தின் சுள்ளி. நிலம் ஒருவருக்கு, அதில் நிற்கிற மரத்தின் பயன் இன்னொருவருக்கு. வயலுக்கு வயல் கோடு போட்ட வரைபடத்தில் இந்த உரிமைகளுக்கு இடமே கிடையாது. வரப்பு என்பது அதில் வெறும் கோடு, அகலம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தில்தான் அவர்கள் பிழைப்பு.

இதே சட்டப்புள்ளி சொன்ன வன உரிமை விதிகளில், கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று ஏன் எழுத வேண்டி வந்தது? ஊரின் ஒழுங்கை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான்.

---

வானவன்

குறுக்குக்கேள்வி, நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

---

நூல்கண்டு

குறுக்குக்கேள்வி சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து 'ட்ரோன் நடுநிலை' என்ற முடிவுக்கு வானவன் சார் தாவுவார் என்று எதிர்பார்த்தேன், அதை மட்டும் தடுக்கிறேன். குடிசை படத்தில் விழும், சரிதான். சுள்ளி பொறுக்கும் உரிமை விழாது. பெண்களுக்கு ட்ரோனும் உதவவில்லை, பெரியவரும் உதவவில்லை.

எங்கள் பழக்கம், தனித்தனியாக வரையச் சொல்வது. பெண்கள் ஒரு படம், ஆண்கள் ஒரு படம், முடிந்தால் இளவட்டங்கள் ஒரு படம், நிலமில்லாதவர்கள் ஒரு படம். நேரமும் இடமும் அவரவர் வசதிப்படி. பெண்கள் வரைகிறபோது ஆண் களப்பணியாளர் பக்கத்தில் நிற்கக் கூடாது. காகிதத்தைவிடத் தரை நல்லது. ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990 வாக்கில் பங்கேற்பு ஊரகக் கணிப்பைப் பரப்பியபோது தரையில் பொடி, விதை, கல் வைத்து வரையச் சொன்னதற்குக் காரணம் காசில்லாததா? இல்லை. காகிதமும் பேனாவும் வந்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கைக்குப் போய்விடும். தரையில் யார் வேண்டுமானாலும் குனிந்து அழித்து மாற்றலாம். கோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ தள்ளி நில் என்பதுதான் அந்த முறையின் சாரமே.

எல்லாம் முடிந்து படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் பிரச்சினை. ஆண்கள் படத்தில் சந்தைக்குப் போகும் பாதை தடியாக இருக்கும். பெண்கள் படத்தில் தண்ணீருக்குப் போகும் பாதைதான் ஊரிலேயே பெரிய சாலை. எதை இறுதிப் படத்தில் தடியாகப் போடுவது? அதை நாம் தீர்மானித்தால் அதுவும் அதிகாரம்தான்.

---

குறுக்குக்கேள்வி

அப்போ இறுதிப் படம் என்று ஒன்று எதற்கு? தனித்தனிப் படமாகவே இருக்கட்டுமே.

---

தரவுத்தளம்

இங்கேதான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். தனித்தனிப் படமாக இருக்கட்டும் என்று சொல்வது சுலபம், அதைக் கோப்பில் வைக்கிறவன் நான்.

யார் வேண்டுமானாலும் சேர்த்துத் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல வருஷமாகப் பங்களிக்கிறேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 2010 ஹைட்டி பூகம்பத்தின்போது உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீதிகளை வரைந்து மீட்புக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வேகத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதற்கு அடிப்படை ஒரு விதி: இன்னொருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் சரிபார்க்க முடிய வேண்டும். பொய்த் தகவல் புகாமல் தடுப்பது இந்த விதிதான். ஆனால் இந்த இழையில் பேசுகிற விஷயங்களில் பாதி அந்த விதியிடம் தோற்றுவிடும். 'இந்தக் குளத்தில் கோடையில் அந்த ஊர்க்காரர்களும் தண்ணீர் எடுக்கலாம்' என்பதை இடத்துக்குப் போய் எப்படிச் சரிபார்ப்பது? கேட்டால்தான் தெரியும், அதுவும் யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பிறகு வடிவச் சிக்கல். மென்பொருளுக்குத் தெரிந்தது புள்ளி, கோடு, மூடிய பரப்பு. நிஜ எல்லைகளில் பல 'அந்த மேட்டிலிருந்து மெல்ல மெல்ல அவர்களுடையது' என்கிற ரகம். இரண்டு ஊரும் சேர்ந்து பயன்படுத்துகிற நடுப்பகுதி எப்போதும் உண்டு. மென்பொருள் கோடு கேட்கிறது என்பதற்காக நடுவில் ஒரு கோடு போட்டால், அதுவரை சேர்ந்து மேய்த்தவர்களுக்கு நடுவில் நாம் வேலி போட்டுக் கொடுத்துவிட்டோம். வரைபடம் வந்த பிறகு தொடங்கிய எல்லைத் தகராறுகளை இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒடிசாவின் நியம்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையின் எந்தப் பகுதி புனிதம் என்று கேட்பது அலுவலக வழக்கம். மலைத்தொடர் முழுக்கத் தங்கள் தெய்வமான நியம்ராஜாவினுடையது என்பது அங்கு வாழும் டோங்கரியா கோந்து பழங்குடி மக்களின் நம்பிக்கை. எந்த இடத்தில் கோடு கிழிப்பீர்கள்? 2013இல் உச்ச நீதிமன்றம், அந்த மலையில் தோண்டத் திட்டமிட்டிருந்த சுரங்கம் அவர்களுடைய சமய, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்குமா என்று கிராம சபைகளே பார்க்கட்டும் என்று விட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே கேள்விக்குப் பதில் சொன்னது வரைபடம் இல்லை, சபை.

தொழில்நுட்பத்தால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் புலம்பல் மாதிரி ஆகிவிடும். ஒரே இடத்துக்குப் பல பெயர்கள் வைக்கலாம். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று பருவத்தைப் பதியலாம். யார் சொன்னது என்பதை ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து வைக்கலாம். கூர்மையான கோட்டுக்குப் பதிலாக மங்கும் நிறம் போடலாம். ஒவ்வொரு குழுவின் படத்தையும் தனி அடுக்காகவே வைத்து, ஒன்றாக்காமல் விடலாம். குறுக்குக்கேள்வி கேட்டது முடியாத காரியம் இல்லை. வாடிக்கையாளர் 'ஒரே இறுதிப் படம் அனுப்புங்கள்' என்று கேட்பதுதான் தடை.

---

ஒற்றையடி

எதை வரைவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். எதை வரையக் கூடாது என்பதையும் பேச வேண்டும். என் கணக்கில் பங்கேற்பின் கனமான பகுதி அதுதான்.

மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில் ஜாப்போடெக் பழங்குடி ஊர்களில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் பங்கேற்பு வரைபடம் செய்தார்கள். முறைப்படி ஊர்க் கூட்டம், உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி, எல்லாம் நடந்தது. 2009 ஜனவரியில் அந்தப் பகுதி மக்கள் அமைப்பு ஒன்று வெளிப்படையாகக் கண்டனம் தெரிவித்தது: பணத்தில் ஒரு பகுதி அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்தது, அதை எங்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று. ஆய்வாளர்கள் மறுத்தார்கள், மறைக்கவில்லை என்றார்கள். யார் சரி என்ற பஞ்சாயத்து ஒருபுறம் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் தாங்களே கைப்பட வரைந்த படம், அவர்கள் நினைத்தும் பார்க்காத மேசைக்குப் போகலாம் என்பது மட்டும் நிஜம். மூலிகை எங்கே விளைகிறது, ஊற்று எங்கே இருக்கிறது, மூதாதையரைப் புதைத்த இடம் எது என்று துல்லியமான ஆயத்தொலைவோடு வெளியிட்டால் அது திருடனுக்கும் வழிகாட்டிதான்.

இதற்கு ஊர்களின் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. ரகசியம் காக்கிற மரபுகளை நாம் பின்தங்கியதாகப் பார்க்கப் பழகிவிட்டோம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் 1989ஆம் ஆண்டின் புனிதத் தலங்கள் சட்டப்படி ஒரு ஆணையம் இருக்கிறது. அங்கே கட்டடமோ சாலையோ போட நினைப்பவர் ஆணையத்திடம் கேட்கலாம். ஆணையம் அந்தத் தலத்துக்கு உரியவர்களைக் கலந்துகொண்டு, இங்கே வேலை செய்யலாம், இந்தப் பகுதியைத் தொடக் கூடாது என்று சான்றிதழ் தரும். அங்கே என்ன கதை, என்ன சடங்கு என்பதை ஒப்பந்தக்காரர் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. பதிவேட்டில் ஏறாத தலத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் 'வரைபடத்தில் இல்லையே' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஈக்வடாரில் வவோரானி பழங்குடி மக்கள் தங்கள் காட்டை வரைந்தபோது இணையம் இல்லாமலே இயங்கும், தரவு அவர்கள் கருவியிலேயே தங்கும் செயலியைப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏலம் விடப்படவிருந்த பகுதி அது. 2019 ஏப்ரலில் பஸ்தாசா மாகாண நீதிமன்றத்தில் வென்றார்கள். தரவு யார் கையில் இருக்கிறது என்பதும் பங்கேற்பின் ஒரு பகுதிதான். கையெழுத்து வாங்கும் வருகைப் பதிவேட்டில் அது வராது.

---

சட்டப்புள்ளி

ஒற்றையடி சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. மலேசியாவின் சரவாக்கில் 2001 மே மாதம், பல குடும்பங்கள் ஒரே நீண்ட வீட்டில் வாழும் ஒரு இபான் பழங்குடிச் சமூகத்துக்கு ஆதரவாக உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. சமூகமே தயாரித்த வரைபடம் அதில் முக்கியச் சான்று. அதே ஆண்டில் மாநில அரசு நில அளவையாளர் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, உரிமம் இல்லாதவர்கள் நில எல்லை வரைபடம் தயாரிப்பதைக் கட்டுப்படுத்தியது. ஊர் வரைந்தால் அதிகாரத்துக்கு எவ்வளவு உறுத்துகிறது என்று இதிலேயே தெரிகிறது. வரையாமல் ரகசியம் காப்பது ஒரு பாதுகாப்பு, வரைந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது இன்னொரு பாதுகாப்பு. எது எப்போது என்பதை வெளியாள் சொல்ல முடியாது.

---

கோட்டுப்புள்ளி

எல்லாருக்கும் நன்றி. எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு வந்துவிட்டது. ஆனால் நான் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவன். பட்ஜெட் மாறாது, ட்ரோன் ஒப்பந்தம் ஏற்கெனவே போட்டாயிற்று, ஊருக்குச் சில நாட்கள்தான். இந்த நிலைமையில் முதலில் எதை மாற்றுவது?

---

நூல்கண்டு

கூட்டத்தை ட்ரோனுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அது ஒன்றே பாதி வேலை.

கிராமத்து வீடுகளுக்குச் சொத்து ஆவணம் தருவதற்காக இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், குடியிருப்புப் பகுதியை ட்ரோன் படமெடுக்கும் முன் வீட்டு எல்லைகளில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிறார்கள், மேலேயிருந்து தெரிவதற்காக. அந்தச் சுண்ணாம்புக் கோடு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வாசலில் நின்று அண்ணனும் தம்பியும், பக்கத்து வீட்டுக்காரரும், கோடு இங்கேயா அங்கேயா என்று பேசுகிற நேரம் அது. தகராறு வந்தாலும் காலால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். பறந்து முடிந்தபின் அதே விஷயத்துக்கு மனு, மேல்முறையீடு என்று அலைய வேண்டும். உங்கள் நாட்களில் பெரும்பகுதியை அந்தச் சுண்ணாம்புக் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். வீட்டு எல்லையோடு நிற்காமல், பொதுப் பாதை, தண்ணீர் எடுக்கும் இடம், மந்தை தங்கும் இடம் இவற்றையும் தரையில் குறிக்கச் சொல்லுங்கள். வேறு நிறப் பொடி வைத்துக்கொள்ளலாம்.

---

குறுக்குக்கேள்வி

அதோடு கணினி தானாகப் போட்ட கோடுகளை முதல் நாள் திரையில் காட்டாதீர்கள். அழகாக அச்சாகி வந்த கோட்டை மறுத்துப் பேச மிகச் சிலருக்கே துணிச்சல் வரும், அந்தச் சிலர் யார் என்று மேலே சொல்லிவிட்டேன். கோடே இல்லாத வெறும் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரையில் விரியுங்கள். பெண்களிடம் தனியாக, அவர்களுக்குத் தோதான நேரத்தில், அதே படத்தின் இன்னொரு பிரதியைக் கொண்டுபோங்கள்.

---

ஒற்றையடி

முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி 'எது எங்கே இருக்கிறது' என்பது இல்லை. 'இதையெல்லாம் சொல்ல யாரைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது' என்பது. பதில் உடனே வராது. இரண்டாம் நாள் யாராவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

---

வானவன்

நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளம் வந்தால் ஓடையின் பெயருக்கு உரியவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஹைட்டியில் யாரும் தேடவுமில்லை. அவசரத்துக்கு ஒரு வரைபடம், உரிமைக்கு ஒரு வரைபடம் என்று பிரித்துக்கொண்டால் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த 'தெரியாது' விஷயம் யோசிக்க வைக்கிறது. எங்கள் கணக்கெடுப்புப் படிவங்களில் அந்தப் பதில் எத்தனை சதவீதம் என்று எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

---

தரவுத்தளம்

பார்த்துவிட்டு இங்கே போடுங்கள் சார். இனிமேல் படிவம் செய்யும்போது 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை', 'வேறொருவரைக் கேளுங்கள்' மூன்றையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். மூன்றாவது கட்டத்தின் பக்கத்தில் யாரை என்று எழுத இடம் விடுங்கள்.

கோட்டுப்புள்ளி, உங்களிடம் ஒரு கேள்வி பாக்கி. வேலை முடிந்ததும் மூலக் கோப்புகள் யாரிடம் போகின்றன? ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது?

---

கோட்டுப்புள்ளி

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 'அனைத்துத் தரவும் நிதியளிக்கும் நிறுவனத்துக்கு உரியது' என்று இருக்கிறது. ஊருக்கு ஒரு அச்சுப் பிரதி, சட்டம் போட்டு மாட்ட. நாளை மேலாளரிடம் இந்த ஒரு வரியை மாற்றக் கேட்கிறேன். சட்டப்புள்ளி, மாற்று வாசகம் ஒன்று எழுதித் தர முடியுமா? தனிச்செய்தியில் அனுப்பினாலும் சரி.

---

சட்டப்புள்ளி

இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். 'ஊர் சபை வழங்கிய தகவல்கள் ஊர் சபைக்கே உரியவை. மூலக் கோப்புகளின் முழுப் பிரதி ஊர் சபை குறிப்பிடும் இடத்தில் வைக்கப்படும். சபையின் எழுத்து மூல ஒப்புதல் இன்றி எந்த அடுக்கையும் வெளியிடவோ மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கவோ கூடாது. எந்த அடுக்கையும் திரும்பப் பெறச் சபைக்கு உரிமை உண்டு.' கடைசி வாக்கியத்தைத்தான் உங்கள் மேலாளர் வெட்டப் பார்ப்பார். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.